சுமைதாங்கி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்து. காலை எட்டு மணி. நிற்கவும் இடமில்லாத நெரிசல். முதுநகரில் ஒரு தாய் ஏறினாள். இடுப்பிலே ஒரு பிள்ளை, கையைப் பிடித்தபடி ஒரு பிள்ளை, தோளிலே தொங்கும் பை. யாரோ எழுந்து இடம் தந்தார்கள். உட்கார்ந்தாள். உட்கார்ந்த மறுகணமே உறங்கிப் போனாள்!

உறக்கமா அது? வேரறுந்த மரம் சாய்வதுபோல் ஒரு சாய்வு. மடியிலிருந்த குழந்தை நழுவியது. பக்கத்திலிருந்த மூதாட்டி தாவிப் பிடித்தாள்.

"என்னாம்மா, ராத்திரி தூங்கலியா?"

விழித்தவள் வெட்கத்தோடு சிரித்தாள். "தூங்குறதா, ஆயா? சின்னது ராத்திரிக்கு மூணு தரம் எழுந்திரிக்குது. அவருக்கு நைட் ஷிப்டு. காலையில வந்து படுத்தா வீட்டுல சத்தமே இருக்கக் கூடாது. பெரியவனுக்கு ரெண்டு நாள் லீவு விட்டுருக்காங்க. அதான் அம்மா வீட்டுக்குப் போறேன். ஒரு நாளாவது படுத்துக் கிடக்கணும்."

மூதாட்டி கைகளை நீட்டினாள்.

"இப்படிக் கொடு. சிதம்பரம் வரைக்கும் நான் வச்சிருக்கேன். நீ தூங்கு."

ஆலப்பாக்கம் வந்தது; அவள் விழிக்கவில்லை. புதுச்சத்திரம் வந்தது, விழிக்கவில்லை. பி.முட்லூரும் போயிற்று, வெள்ளாற்றுப் பாலமும் போயிற்று. சிதம்பரத்தில் மூதாட்டி தட்டி எழுப்பியபோது அந்த முகத்திலே ஒரு தெளிவு பிறந்திருந்தது. மருந்து உண்டாளா? மந்திரம் கேட்டாளா? இல்லை. ஒரு மணி நேரம் அவள் சுமையை வேறொருத்தி சுமந்தாள். அவ்வளவுதான்!

அதே பேருந்தின் பின்னிருக்கையில் நாமும் இருந்தோம். மாலையில் சிதம்பரத்தில் கூட்டம். அதற்கான ஏற்பாடுகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். நாம் பேசவேண்டிய தலைப்பு என்ன தெரியுமா? 'பெண்ணுரிமை'! அந்தக் கதையின் மீதியைக் கடைசியில் சொல்கிறோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆயினும் சொல்வோம்.

தமிழகத்தின் பழைய பாட்டை ஓரங்களில் இன்றும் சில இடங்களில் காணலாம்: இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். சுமைதாங்கி என்பது அதன் பெயர். தலைச்சுமையோடு நடந்து வருபவர், கைகொடுக்க ஆளில்லாமலே சுமையை அதன்மேல் தள்ளி வைக்கலாம். வியர்வையைத் துடைத்துக்கொண்டு இளைப்பாறலாம். பிறகு யாரையும் கூப்பிடாமலே மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடக்கலாம்.

யார் நினைவாக நட்டார்கள் அந்தக் கல்லை? பகைவென்ற வேந்தனுக்காகவா? பல்லக்கில் போன பிரபுவுக்காகவா? இல்லை, நண்பர்களே! பிள்ளையைச் சுமந்த வயிற்றோடு, அந்தச் சுமையை இறக்கி வைக்காமலே இறந்துபோன பெண்ணின் நினைவாக! அவள் இறக்கி வைக்காத சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் சுமையையாவது இறக்கி வைக்கட்டும் என்று நட்டார்கள்.

உருக்கமான வழக்கம்தான். மறுக்கவில்லை. ஆனால் நாம் கேட்கிறோம்: செத்தவளுக்குக் கல் நட்டோம், சுமந்துகொண்டு சாகாமல் இருப்பவளுக்கு என்ன நட்டோம்?

"அந்தக் காலத்தில் எங்கள் பாட்டி பத்துப் பெற்றாள். பதறினாளா? பரிதவித்தாளா? இந்தக் காலத்துப் பெண்கள் ஒன்றையோ இரண்டையோ பெற்றுவிட்டு 'மன அழுத்தம்' என்கிறார்களே!" இப்படிப் பேசும் பெரியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்லும் விடை, அந்தச் சுமைதாங்கிக் கல்லே! தாங்கிய பாட்டிகளின் கதை திண்ணையில் பேசப்படுகிறது. தாங்காத பாட்டிகளின் கதை சாலையோரம் கல்லாய் நிற்கிறது!

இன்னொன்றும் உண்டு. பத்துப் பெற்ற பாட்டிக்கு ஒரு முற்றம் இருந்தது. அந்த முற்றத்தில் அத்தை இருந்தாள், சித்தி இருந்தாள், பக்கத்து வீட்டு ஆயா இருந்தாள். ஒருத்தி சமைத்தால் ஒருத்தி தாலாட்டினாள். இன்று? தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகள் சராசரி இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 1.8 என்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது; சுமக்கும் கைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. நான்கு சுவருக்குள் ஒருத்தி. அவளே சமையற்காரி, செவிலி, ஆசிரியை, காவலாளி. அதோடு வேலைக்கும் போகிறாள். பட்டம் பெற்றாள், பணியும் பெற்றாள். அடுப்பு மட்டும் அவளை விடவே இல்லை!

இந்த ஓய்ச்சல் கற்பனையா? பெல்ஜியம் நாட்டு உளவியல் பேராசிரியைகள் இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலாய்சாக் இருவரும் பல நாட்டு அறிஞர்களோடு சேர்ந்து 42 நாடுகளில் 17,000க்கு மேற்பட்ட பெற்றோரை ஆராய்ந்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோர் எரிந்து கருகிப்போகும் நிலை ஒன்று உண்டு என்றார்கள். அதன் அடையாளங்கள்: எழும்போதே களைப்பு, பிள்ளையிடம் வேலை மட்டும் நடக்கும், பாசம் எட்டி நிற்கும், தாய்மையில், தந்தைமையில் இருந்த இன்பம் வற்றிப்போகும், 'முன்பு நான் இப்படியா இருந்தேன்?' என்ற கேள்வி குத்தும். இது எங்கே அதிகம்? அவரவர் பாடு அவரவருக்கு என்று தனித்தனியே வாழும் நாடுகளில் அதிகம் என்று கண்டார்கள்.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவைப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் அந்நாட்டின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி, பெற்றோரின் மனநலம் பற்றி நாட்டுக்கே ஓர் எச்சரிக்கை அறிக்கை விட்டார். பெரும்பாலான நாட்களில் தாங்கவே முடியாத அழுத்தம் என்று சொன்ன பெற்றோர் நூற்றுக்கு 48 பேர். மற்றப் பெரியவர்களில் அப்படிச் சொன்னவர் 26 பேர். பொன் இருந்தும் போதவில்லை, பங்கிட ஆளில்லை!

நம் நாட்டில் இதற்கு என்ன மருந்து சொல்கிறார்கள்? முதல் மருந்து, புகழ்ச்சி. 'தாய் தெய்வம்' என்பார்கள். ஏன் தெய்வமாக்கினார்கள்? தெய்வத்துக்குப் பசியில்லை, களைப்பில்லை, உறக்கமில்லை. ஓய்வு கேட்காத ஒருத்தி வீட்டிலே இருப்பது எவ்வளவு வசதி! இரண்டாம் மருந்து, பரிகாரம். கயிறு கட்டு, விரதம் இரு. ஏற்கெனவே அரைவயிறு உண்பவளை முழுவயிறும் காயப்போடும் வைத்தியம் அது! மூன்றாவது, இந்தக் காலத்து நாகரிக மருந்து. அரைமணி மூச்சுப் பயிற்சி செய், மாலையில் உலாவு, மனத்தை அமைதியாக வை. நல்ல யோசனைதான். உடற்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் உதவும், இகழ மாட்டோம். ஒன்றே ஒன்று கேட்போம்: அந்த அரைமணி நேரம் குழந்தையை யார் வைத்திருப்பது?

அதுதான் கேள்வி! அதற்கு விடை சொல்லாத வைத்தியம் எதுவும் முழு வைத்தியம் ஆகாது. உடல், உள்ளம், வீடு, தெரு, அரசு ஆகிய ஐந்தும் சேர்ந்து தோள்கொடுக்க வேண்டும்.

உடலிலே தொடங்குவோம். 'எப்போதும் சோம்பல்' என்று ஏசப்படும் பெண்ணின் இரத்தத்தை யாராவது சோதித்தார்களா? அதே 2019–21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இருவரில் ஒருத்திக்கு மேல்! படியேறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், எரிச்சல் வரும். அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துவிட்டோம்! தைராய்டு சுரப்பிக் கோளாறும் இப்படித்தான் களைப்பாக வந்து கதவைத் தட்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஒரு துளி இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு தெரிந்துவிடும். கருவுறாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே, கருவுற்றவளுக்கு 11 கிராமுக்குக் கீழே என்றால் மருத்துவம் தேவை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், அதைத் தேநீரோடு விழுங்கக் கூடாது. தேநீர் அந்தச் சத்தைச் சேரவிடாது. முருங்கைக்கீரையும் உண்ணட்டும், எலுமிச்சையும் நெல்லியும் சேரட்டும். முக்கியமாக, எல்லோரும் உண்டபின் மிச்சத்தை உண்பவள் என்ற முறை ஒழியட்டும்.

அடுத்தது உள்ளம். வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற தாய்மாரில் ஏறத்தாழ ஐவரில் ஒருத்திக்கு மனநோய், பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐவரில் ஒருத்தி! உங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீங்காத துயரம், காரணமற்ற அழுகை, குழந்தை உறங்கினாலும் தனக்கு உறக்கம் வராத நிலை, 'நான் கெட்ட தாய்' என்ற குற்ற உணர்ச்சி இவையெல்லாம் அதன் அறிகுறிகள். 'பேய் பிடித்தது' என்று வேப்பிலை அடிப்பவர்களே, அது பேயல்ல, நோய்! அதைக் கண்டறிய 1987ஆம் ஆண்டிலிருந்தே பத்தே கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் இருக்கிறது.

தீர்க்க முடியுமா? முடியும் என்று காட்டியது எந்த ஊர் தெரியுமா? பாகிஸ்தானின் ராவல்பிண்டி வட்டாரத்துக் கிராமங்கள்! அங்கே மனச்சோர்வுற்ற தாய்மாரை ஊர்ச் சுகாதாரப் பணிப்பெண்களே வீடுவீடாகப் போய்ச் சந்தித்தார்கள். பேராசிரியர் அதிஃப் ரகுமான் குழுவினர் அவர்களுக்குப் பயிற்சி தந்திருந்தார்கள். பேசினார்கள், கேட்டார்கள், கருகிய எண்ணத்தை மாற்ற வழிகாட்டினார்கள், வீட்டாரையும் துணைக்குச் சேர்த்தார்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்தப் பயிற்சி இல்லாத ஊர்களில் நூற்றுக்கு 53 தாய்மார் இன்னும் சோர்விலேயே இருந்தார்கள். பயிற்சி நடந்த ஊர்களில் 23 பேர்தான்! 2008இல் 'லான்செட்' மருத்துவ ஏடு இதை வெளியிட்டது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் குறைந்தது. தாயோடு தந்தையும் பிள்ளையோடு அதிக நேரம் விளையாடத் தொடங்கினார். பார்த்தீர்களா! தாயைத் தேற்றினால் சேய் தேறுகிறது, தந்தையும் திருந்துகிறார்!

'பிள்ளையோடு எங்காவது போய் விழுந்துவிடலாமா' என்ற நினைப்பு யாருக்கேனும் வருகிறதா? தாயே, அது உன் குற்றமல்ல. அது நோயின் குரல். அன்றைக்கே ஒருவரிடம் சொல். 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. காய்ச்சலுக்குப் போக வெட்கப்படுகிறோமா? இதற்கும் வெட்கம் வேண்டாம். வீட்டார் அவளைத் தனியே விடாமல் உடன் அழைத்துப் போங்கள்.

இனி வீடு. இங்கேதான் நம்மில் பலர் தலை குனிய வேண்டும். 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண் நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஈடுபட்ட ஆண் செலவிட்டது 97 நிமிடம். அந்த வேலையில் கைவைத்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் 26 பேர். மற்ற 74 ஆண்கள் எங்கே போனார்கள்? 'காப்பி ஆயிற்றா?' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்!

ஆணுக்குக் களைப்பில்லை என்று சொல்லவில்லை. இரவு முழுவதும் ஆலையில் நின்றவனும் மனிதன்தான். விசைப்படகில் விடிய விடிய வலை இழுத்தவனும் மனிதன்தான். கடனுக்கு அஞ்சி, பள்ளிக் கட்டணத்துக்கு அஞ்சி, வாய்விட்டு அழக்கூடத் தெரியாமல் மதுக்கடைக்குப் போகும் தந்தையும் நோயாளிதான். அவனுக்கும் ஓய்வு வேண்டும், பேச ஒரு நெஞ்சு வேண்டும். ஆனால் ஒரு வேறுபாடு: அவன் வேலைக்கு மணி அடித்து முடிக்கிறார்கள். அவள் வேலைக்கு எந்த மணியும் அடிப்பதில்லை! ஆகவே இருவரும் உட்கார்ந்து இரவைப் பங்கு போடுங்கள். முன்னிரவு ஒருவருக்கு, பின்னிரவு ஒருவருக்கு. ஷிப்டு இல்லாத நாளிலாவது, இடையறாத நான்கைந்து மணி உறக்கத்தை அவளுக்குக் கொடுங்கள். நகை வேண்டாம், அதைக் கொடுங்கள்!

தெருவுக்கு வருவோம். கடலூருக்கு இந்தப் பாடத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கடலே கற்பித்தது! 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை. தேவனாம்பட்டினத்திலும், சிதம்பரம் பக்கம் கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டிலும், இன்னும் பல குப்பங்களிலும் ஆழிப்பேரலை புகுந்தது. மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். மடியிலிருந்த பிள்ளையை அலைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த பிள்ளைக்குச் சோறூட்ட வேண்டிய தாய்மார்! வலையையும் வீட்டையும் இழந்து வாயடைத்து நின்ற தந்தையர்! அத்தனை பேருக்கும் மனநல மருத்துவர் எங்கே கிடைப்பார்? பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் தமிழகக் கடற்கரைக்கு வந்து ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடி ஊழியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி தந்தார்கள். அழுபவரை அழவிடுங்கள், அருகிருந்து கேளுங்கள், அன்றாட வேலைக்குத் திரும்பத் துணை நில்லுங்கள், தனித்து விடாதீர்கள், மிகவும் முடியாதவரை மருத்துவரிடம் சேருங்கள் என்பதுதான் அந்தப் பயிற்சியின் சாரம். பேரழிவு வந்தபோது நாம் செய்தது இது. அன்றாட அழிவுக்கு ஏன் செய்யக்கூடாது? நான்கு வீடு சேர்ந்து, வாரத்தில் ஒரு மாலை ஒரு வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டால், மூன்று தாய்மாருக்கு மூச்சு விட நேரம் கிடைக்குமே! படிப்பகமும் மன்றமும் நடத்தும் இளைஞர்களே, இதுவும் இயக்கப் பணிதான்!

கடைசியாக அரசு. பிள்ளையைப் பேணுவது வீட்டுக்குள் பெண் செய்யும் வேலை மட்டுமல்ல, சமுதாயத்தின் கடமை என்பதை இந்த மண் நெடுநாள் முன்பே உணர்ந்தது. 1920இல் நீதிக்கட்சியார் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவிட்டார்கள். 1956இல் காமராசர் மதிய உணவை விரித்தார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022 செப்டம்பர் 15இல் மு.க.ஸ்டாலின் மதுரையில் காலைச் சிற்றுண்டியைத் தொடங்கினார். 2023 ஆகஸ்டில் அது திருக்குவளையிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பிள்ளைக்குப் பசி தீர்ந்தது என்று மட்டும் எண்ணாதீர்கள். காலை ஆறு மணிக்கு ஒரு தாயின் அடுப்பிலிருந்து ஒரு பாத்திரம் இறங்கியது! 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தொடங்கப்பட்டபோது அதற்கு இட்ட பெயரைக் கவனியுங்கள்: உதவித்தொகை என்று சொல்லவில்லை, உரிமைத்தொகை என்றார்கள்! அவள் உழைப்புக்கு ஒரு பெயர் கிடைத்தது.

போதுமா? போதாது! மகப்பேற்று விடுப்பு தமிழ்நாட்டு அரசுப் பணியிலிருக்கும் பெண்ணுக்கு 2021இல் பன்னிரண்டு மாதமாயிற்று, வாழ்த்துகிறோம். துறைமுகத்தில் மீன்கூடை சுமப்பவளுக்கு எத்தனை மாதம்? பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவளுக்கு எத்தனை வாரம்? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017இல் சட்டம் திருத்தினார்கள். ஐந்து பேர் வேலை செய்யும் கொட்டகையில் தூளி கட்ட இடம் எங்கே? நடக்கப் பழகாத பிள்ளையையும் ஏற்கும் காப்பகம், தாயின் வேலைநேரம் முடியும்வரை திறந்திருக்கும் காப்பகம் ஊர்தோறும் வேண்டும். எவர் ஆட்சியில் அமர்ந்தாலும் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பெண்ணுக்கு வேண்டும், அவள் விடுதலைக்கே கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் பேசியபோது நாடே முகம் சுளித்தது. அந்த வரிசையிலே நாம் இன்று கேட்பது மிகச் சிறிய உரிமை: உறங்கும் உரிமை!

மீதிக் கதையைச் சொல்கிறோம் என்றோமே. அன்று மாலை சிதம்பரத்தில் பேசினோம். நல்ல கூட்டம், நல்ல கைதட்டல். இரவு பதினொன்றரைக்குக் கடலூர் திரும்பிக் கதவைத் தட்டினோம். இரண்டு வயதுப் பிள்ளையை அப்போதுதான் உறங்கவைத்துக் கண்ணயர்ந்த துணைவியார் எழுந்து வந்தார். அடுப்பை மூட்டினார். தோசை வார்த்தார். உண்டுகொண்டே பெருமையோடு சொன்னோம்: "இன்றைக்கு ஒரே கைதட்டல்!"

"எந்த இடத்துல தட்டுனாங்க?"

"வீட்டு வேலையை ஆணும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற இடத்தில்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் இன்னொரு தோசையை வைத்தார்.

அந்தத் தோசை தொண்டையில் இறங்கவில்லை, தோழர்களே! மறுநாள் முதல் வாசற்கதவின் மாற்றுச் சாவி நம் சட்டைப்பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்து வந்தால் மூடி வைத்த சோற்றை நாமே போட்டுக்கொள்கிறோம். விடியற்காலையில் பிள்ளை விழித்தால் தூக்குவது நம் வேலை. பெரிய தியாகமல்ல, இத்தனை நாள் செய்யாமலிருந்த பாக்கி!

அந்தப் பேருந்து மூதாட்டியின் பெயர் நமக்குத் தெரியாது. அவள் மேடை ஏறியதில்லை, மாநாடு கூட்டியதில்லை. நாம் மணிக்கணக்கில் பேசியதை அவள் ஒரே வரியில் செய்து முடித்தாள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அந்த வரியை நீங்களும் சொல்லிப் பாருங்கள். கைகளை நீட்டிச் சொல்லுங்கள்:

"இப்படிக் கொடு. நான் வச்சிருக்கேன். நீ தூங்கு."